மிதந்து வந்த துணுக்கு

1

இந்தக் கதையை நான் எழுத ஆரம்பித்தபோது ஷீலாவுக்குக் கட்டி இல்லை. இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் யாராவது, பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லாததை வைத்துக் கதை பண்ணியிருக்கிறான் பார் என்று சொல்லிவிடக் கூடாது. கதை முதலில் வந்தது. கட்டி பிறகு வந்தது. கதைக்கு இது வசதியான வரிசை இல்லைதான், ஆனால் நடந்தது அப்படி.

கதையை எனக்குக் கொடுத்தது மேல்வீட்டுப் பெண். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் அடுக்ககம். மேல்தளத்தில் ஜஹீராவின் குடும்பம். அவருடைய மகள் தபஸ்ஸும் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரியில் பத்தாலஜி மேற்படிப்பில் இருக்கிறாள், இரண்டாம் வருடம். நம் உடம்பிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று சொல்கிற டாக்டர்கள் இவர்கள். நாம் இவர்களைப் பார்ப்பதே இல்லை. இவர்களும் நம்மைப் பார்ப்பதில்லை, நம்மில் ஒரு துண்டைத் தவிர.

போன மழைக்காலத்தில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தபோது, படியேறிக்கொண்டே அவள் ஒரு விஷயம் சொன்னாள். சதைத்துண்டை மெழுகில் புதைத்துக் கட்டையாக்கி (பிளாக் என்பார்கள்), தாளைவிட மெல்லிசாகச் சீவுவார்களாம். சீவியது சுருங்கிக்கொள்ளும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, விரிந்ததும் ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுப்பார்கள். ஒரு ஆளுடைய கட்டை முடிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பைத் தாளால் துடைக்க வேண்டும். துடைக்க மறந்தால், முன்னால் சீவிய ஆளின் துணுக்கு ஒன்று அங்கேயே மிதந்துகொண்டிருந்து, அடுத்த ஆளின் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். அதற்கு ஃப்ளோட்டர் என்று பெயர்.

வயிற்றுவலி என்று வந்த ஒரு பெரியவரின் ஸ்லைடில் தபஸ்ஸும் கேன்சரைப் பார்த்திருக்கிறாள். எழுதியும் விட்டாள். அது அவருடையதே அல்ல. அதே காலையில் சீவிய வேறு யாருடைய குடலோ.

"புரொஃபஸர் திட்டினாரா?" என்று கேட்டேன்.

"திட்டல அங்கிள், அதான் பேஜாரே. எல்லாரையும் சுத்தி ஒக்கார வெச்சாரு. ஒரே மைக்ராஸ்கோப்புல பத்துப் பேரு பாக்கலாம். அந்தத் துணுக்குமேல அம்புக்குறியக் கொண்டாந்து நிறுத்திட்டு, 'டாக்டர் தபஸ்ஸும், இவன் பீச் வண்டில போக வேண்டியவன், செங்கல்பட்டு வண்டில ஏறிட்டான். நீங்க டிக்கெட் பாத்தீங்களா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்தப் பெரியவரோட வீடு கண்ணுல வந்துச்சு."

அவர்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புரொஃபஸர் வாயைத் திறப்பதற்கு முன், படிக்கிறவர்கள் ஸ்லைடைப் பார்த்துத் தங்கள் முடிவைத் தாளில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். ஒரே ஒரு முடிவு. இதுவாகவும் இருக்கலாம் அதுவாகவும் இருக்கலாம் என்று எழுதினால் தாள் திரும்பி வரும். அழிப்பான் கொண்டு வரக் கூடாது. தப்பு அப்படியே கிடக்கும், அதன் கீழே அவர் பேனாவால் சரியானதை எழுதுவார்.

எனக்கு இந்த வழக்கம் பிடித்துப்போயிற்று. அதனால் நானும் இந்தக் கதையில் எதையும் அழிக்கப் போவதில்லை. பாதியில் விட்ட வாக்கியங்கள் கிடக்கும். தாண்டிப் போங்கள்.

2

முதல் தொடக்கம்: "டாக்டர் ஜென்சி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது தாம்பரம் ரயில் நிலையத்தில்—"

(விட்டேன். பென்சிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊர்ப்பெயர் வரட்டுமே என்று போட்டது.)

இரண்டாம் தொடக்கம்: "ஃபார்மலின் வாசனையில் நின்றால் பசிக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜென்சிக்குப் பசித்தது."

இது இருக்கட்டும். தபஸ்ஸும் சொன்னதுதான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து, கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறி வாளியில் வருகிற உறுப்புகளை அளந்து, வெட்டி, எழுதி வைப்பது முதல் வருடத்துப் பிள்ளைகள் வேலை. கண் எரியும், மூக்கு ஒழுகும், கூடவே பயங்கரமாகப் பசிக்குமாம். கையைக் கழுவிவிட்டு நேரே கேண்டீனுக்குப் போய்ப் பரோட்டா சாப்பிடுவார்களாம். ஷீலா பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள். இதைக் கேட்டுவிட்டு, "மூக்குல ஏறுற அந்தப் புகைக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் புத்தகத்துலயும் இல்ல," என்றாள்.

ஜென்சி என்பவள் தபஸ்ஸும்தான். கண்டுபிடிக்க முடியாதபடி மதத்தையும் உயரத்தையும் மாற்றினேன். முதல் வரைவைப் படித்துவிட்டு தபஸ்ஸும், "மதம் ஓகே அங்கிள், ஹைட்ட ஏன் கொறச்சீங்க?" என்றாள்.

என் கதையில் புரொஃபஸரின் பெயர் ராஜாராமன். ஜென்சியின் முதல் நாள் இப்படி:

அம்புக்குறி நின்றது. "என்ன இது?"

"கேன்சர் சார்."

"வியாதியக் கேக்கலம்மா. இது எந்த உறுப்பு?"

ஜென்சிக்குத் தெரியவில்லை. அடுத்த ஆறு மாதம் அவர் அவளுக்கு நோய் எதையும் காட்டவில்லை. நல்ல ஈரல், நல்ல சிறுநீரகம், நல்ல மார்பு. ஒழுங்காக இருப்பது எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகாமல் ஒழுங்கு கெட்டது தெரியாது என்பது அவர் கட்சி.

கதை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. லேசான கதை. கடைசியில் ஜென்சி ஃப்ளோட்டரைப் பார்த்துக் கேன்சர் என்று எழுதுவாள், எல்லோரும் சிரிப்பார்கள், அவள் மட்டும் சிரிக்க மாட்டாள். முடிந்தது. ஒரு பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தேன்.

3

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் இரண்டு ரோஜாச் செடி வாங்கி வந்தோம். வெயிலில் அலைந்ததால் ஷீலா மறுபடி குளிக்கப் போனாள். வெளியே வந்தவள் தலையைத் துவட்டாமல் நின்றாள்.

"இங்க ஏதோ இருக்கு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். இருந்தது. உடனே ஃபோனை எடுத்து டாக்டர் நம்பரைத் தேட ஆரம்பித்தேன். "உங்களுக்கு வந்த மாதிரி பதறுறீங்களே," என்று அவளே சமாதானம் சொன்னாள்.

சர்ஜன் அம்மாள் மார்பில் ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் சதை எடுத்தார். சிறிய பாட்டிலில், தண்ணீர் போலத் தெரிந்த ஃபார்மலினில், வெள்ளை நூல்துண்டுகளாக அது கிடந்தது. எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டேன். கல்லூரியின் பெயரைச் சொன்னார். தபஸ்ஸும் படிக்கிற கல்லூரி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, கதையைத் திறந்து ஜென்சியைத் திருத்தியது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். கதையில் ஒரு டாக்டர் தவறு செய்தால், அது எப்படியோ அந்தக் கல்லூரி வரைக்கும் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. படித்தவன், காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கணக்குப் பார்க்கிறவன், இப்படி யோசிக்கலாமா? யோசித்தேன்.

திருத்திய வரிகள் சில:

"ஜென்சி நோயாளியின் எண்ணை மூன்று இடத்தில் சரிபார்த்தாள்: கண்ணாடியில், கட்டையில், தாளில்."

"ஜென்சிக்கு எப்போதுமே போதுமான தூக்கம் உண்டு."

"தண்ணீர்த் தொட்டியை அன்று துடைத்திருந்தார்கள். நன்றாகத் துடைத்திருந்தார்கள். இரண்டு தடவை—"

(இதற்குமேல் எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.)

4

என் கதைகளை முதலில் படிப்பவள் ஷீலா. இதைக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். அவளே லேப்டாப்பைத் திறந்து படித்துவிட்டாள்.

"என்னங்க இது, அட்மிஷன் விளம்பரமா? இந்தப் பொண்ணு தும்மக்கூட மாட்டேங்குறா."

"நல்ல டாக்டர் ஒருத்தரப் பத்திக் கதை எழுதக் கூடாதா?"

"முன்னாடி இருந்ததுதான் கதை. அவ தப்பு பண்ணுவா இல்ல, அது எங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "அவ தப்பு பண்ணிக் கத்துக்கறதுக்கு உன் ஒடம்பு வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

ஷீலா லேப்டாப்பை மூடி வைத்தாள். பிறகு, "யாரோட ஒடம்பாவது வேணும்ல?" என்றாள். "உங்க ராஜாராமன் எங்க கத்துக்கிட்டாரு? பொறக்கும்போதே தெரியுமா?"

இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். டாக்டர்கள் வளர்வதற்கு மற்றவர்கள் உடம்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு யாரும் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை, கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு டாக்டரே இருக்கமாட்டார் என்றெல்லாம். எல்லாம் சரி. உன் மனைவியுடையதைக் கொடு என்றால் கட்டுரை நின்றுவிடுகிறது. நின்றுவிட்டது.

5

தபஸ்ஸுமைப் பார்க்க மேலே போனேன். ஷீலாவிடம் சொல்லவில்லை. தபஸ்ஸும் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து தடிப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். ஜஹீரா டீ போட உள்ளே போனதும் விஷயத்தைச் சொன்னேன்.

"நீயே ஒரு தடவை பாத்துடும்மா. உங்க சார் பாக்கும்போது பக்கத்துல இருந்தா போதும்."

அவள் புத்தகத்தை மூடினாள். "அங்கிள், எங்களுக்கு நம்பர்தான் வரும். பேரு பாக்க மாட்டோம்."

"நம்பர் என்கிட்ட இருக்கு."

"சொல்லிடாதீங்க." பயந்துபோய்க் கையை நீட்டித் தடுத்தாள். "ப்ளீஸ் அங்கிள். அது ஆன்ட்டியோடதுன்னு தெரிஞ்சா நான் அதுல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதான் பாப்பேன். அப்படிப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. இருக்குறதுகூட தெரியாது."

டீ வந்தது. குடித்தேன். நான் எழுந்தபோது அவளாகவே மெல்லச் சொன்னாள்: "இன்னொண்ணு அங்கிள். அந்த ஃப்ளோட்டர் விஷயத்துக்கப்புறம் ரொம்ப நாளு எனக்கு எல்லாமே ஃப்ளோட்டராத்தான் தெரிஞ்சுது. நெஜமான கேன்சரக்கூட, இது யாரோடதோன்னு ஒதுக்கப் பாத்தேன். சார் புடிச்சாரு. இத கதைல போடாதீங்க."

போட்டிருக்கிறேன். அவளிடம் பிறகு கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் போட்டேன்.

6

ரிப்போர்ட் வர வேண்டிய நாளில் ஃபோன் வந்தது.

"வேதசிரோமணி சாரா? மிஸஸ் ஷீலா ரிப்போர்ட் இன்னும் ரெண்டு நாள் ஆகும் சார். பிளாக்க திரும்ப வெட்டிப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"ஏன்?"

"அது டாக்டருங்களுக்குத்தான் சார் தெரியும்."

விஷயம் தெரியாத எவனும் இதைக் கேட்டு, சரி, ரெண்டு நாள் என்று இருந்துவிடுவான். நான் இந்தக் கதையை எழுதுகிறவன். எனக்குப் பாதி தெரியும், பாதி தெரிவது போல ஒரு கொடுமை கிடையாது. ஏன் திரும்ப வெட்டுவார்கள்? துண்டு சிறியதாக இருந்தால் வெட்டுவார்கள். வேறு சாயம் போட்டுப் பார்க்க வெட்டுவார்கள். ஸ்லைடில் ஏதோ ஒன்று பொருந்தாமல் நின்றால், இது இவளுடையதுதானா என்று பார்க்கவும் வெட்டுவார்கள்.

கடைசிக் காரணத்தைப் பிடித்துக்கொண்டேன். ஃப்ளோட்டர். ஷீலாவின் ஸ்லைடில் கேன்சர் தெரிந்திருக்கிறது, ஆனால் அது ஷீலாவுடையது அல்ல. ராஜாராமன் போன்ற ஒருவர், ஜென்சி போன்ற ஒருத்தி, சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அலுவலகத்தில் ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து முடிவை எழுதினேன்.

முடிவு அ: "ஜென்சி மைக்ராஸ்கோப்பின் குமிழைத் திருகினாள். மற்றதெல்லாம் கலங்கியபோது அந்தத் துணுக்கு மட்டும் தெளிவாக வந்தது. அப்படியென்றால் அது மற்றதோடு ஒட்டி இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓரமாகத் தனியே கிடக்கிறது, பக்கத்துச் சதையோடு அதற்கு உறவே இல்லை. 'சார், இது இந்த அம்மாவோடது இல்ல,' என்றாள். திரும்ப வெட்டினார்கள். துணுக்கு இல்லை. ராஜாராமன் பேனாவை எடுத்து, பென்சில் எழுத்துக்குக் கீழே சரி என்று போட்டார். ஜென்சிக்கு அன்று மிகவும் பசித்தது."

ஷீலாவுக்கு நானே படித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவளுக்குப் பிடிக்கும் என்று நிச்சயமாக இருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாருக்கு," என்றாள். பிறகு, "அப்ப அது யாரோடது?"

"எது?"

"அந்தத் துணுக்கு. எனக்கில்லன்னா வேற ஒருத்திக்கு. அன்னிக்குக் காலைல எனக்கு முன்னாடி வெட்டினாங்களே, அவளுக்கு. அவளும் இப்ப எங்கயோ ஃபோனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா இல்ல?"

நான் அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு வயதில்லை, ஊரில்லை. அனகாபுத்தூரோ மேடவாக்கமோ, ஏதோ ஒரு வீட்டில் அவள் இருக்கிறாள். பகல் முழுக்க நான் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியது அவளுக்கு வந்த கேன்சரை.

"அவளுக்கு வந்திருக்கட்டும்னு நெனச்சீங்களா?" என்றாள் ஷீலா. குரலில் கோபம் இல்லை.

"ஆமா."

"நானுந்தான் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். கட்டி வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

7

முடிவு ஆ: "ஜென்சிக்கு ஒருமுறை சூடு பட்டிருந்தது. அதனால் இந்தத் துணுக்கையும் அவள்—"

(நிறுத்திவிட்டேன். தபஸ்ஸும் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜென்சி உண்மையான கேன்சரை ஃப்ளோட்டர் என்று ஒதுக்கிவிடுகிறாள், அன்றைக்கு ராஜாராமன் லீவு, வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். நல்ல கதை. கதையாக மூன்றிலும் இதுதான் நல்லது. ஒரு பத்தி எழுதியதுமே எழுந்துபோய் ஷீலா தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.)

முடிவு இ: "ஜென்சி நீண்ட நேரம் பார்த்தாள். அம்புக்குறி காத்திருந்தது. 'தெரியல சார்,' என்றாள். பத்துப் பேரும் நிமிர்ந்தார்கள். 'தெரியலன்னா?' என்றார் ராஜாராமன். 'இவங்களோடதா இல்லையான்னு எனக்குத் தெரியல. திரும்ப வெட்டணும். இன்னிக்குக் காலைல வெட்டின மத்த எல்லாருடையதையும் எடுத்துப் பாக்கணும். அவங்கள்ல ஒருத்தருக்கு நாம ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தா?'"

இதை எழுதும்போதுதான் எனக்கு ஜென்சியை முதல் தடவையாகப் பிடித்தது. தப்பு செய்யாதவள் என்பதற்காக அல்ல. அந்த இன்னொருத்தி அவளுக்கு நினைவு வந்தாள். எனக்கு வரவில்லை, ஷீலா சொல்லித்தான் வந்தது.

ஆனால் இது முடிவில்லை. ராஜாராமனின் சட்டப்படி தாள் திரும்பி வரும். ஒன்றை எழுது என்பார்.

மறுநாள் காலையில் படியில் தபஸ்ஸும் எதிரே வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னே, "அங்கிள், நான் எந்த ஸ்லைடும் பாக்கல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறாள்? முகம் வாடியிருந்ததா? தூக்கம் இல்லாத முகமா? அலுவலகம் போய்ச் சேரும்வரை ஸ்கூட்டரில் இதையே யோசித்து, சானடோரியம் சிக்னலில் பின்னால் வந்தவரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

8

சர்ஜன் அம்மாளின் கிளினிக் அஸ்தினாபுரத்தில். ரிப்போர்ட் வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்றார்கள். நேரில் வரச் சொல்வது எல்லோரையும்தான் என்று வழியெல்லாம் ஷீலாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். "வண்டியப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.

பேர் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். ஷீலா என் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள்.

"நீங்க இங்கயே இருங்க."

"ஏன்?"

"நீங்க உள்ள வந்தா டாக்டர் சொல்றதக் கேக்க மாட்டீங்க. எப்படிச் சொல்றாங்கன்னு பாப்பீங்க."

"எழுத மாட்டேன் ஷீலா. சத்தியமா."

"எழுதுவீங்க. நல்லாவும் எழுதுவீங்க. அதனாலதான் வேணாங்குறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத டிவி, கையில் ஸ்கேன் உறையோடு இன்னும் சில பெண்கள். அவர்களில் யாராவது அந்த இன்னொருத்தியாக இருக்குமோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தி நான் பார்ப்பதைக் கண்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்தேன். ஜெபம் செய்யப் பார்த்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எதைக் கேட்டாலும் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும் போலிருந்தது. கடைசியில், ஷீலாவை மட்டும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டேன். மற்றவர்களைப் பற்றி யோசிக்க அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை.

கதவு திறந்தது.

படியிறங்கும்போது சொன்னாள். எனக்குச் சொன்ன பிறகு, ரோட்டோரமாக நின்று தங்கைக்கு ஃபோன் செய்து சொன்னாள். நான் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

9

நீங்கள் கேட்பது தெரிகிறது.

ஜென்சியை உங்களுக்குத் தருகிறேன். அவள் நான் உண்டாக்கியவள், தர எனக்கு உரிமை உண்டு. அவள் இன்னும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பத்துப் பேர் அவளையே பார்க்கிறார்கள். அவள் தாளில் என்ன எழுதுகிறாள் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். மூன்றில் ஒன்றோ, நான்காவதோ. இன்னொருத்தியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஷீலாவின் ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவள் தங்கைக்குத் தெரியும். தபஸ்ஸுமுக்கும் ஜஹீராவுக்கும் ஷீலாவே மேலே போய்ச் சொன்னாள். அடுத்து யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அவள்தான் முடிவு செய்வாள்.

அன்று வண்டியில் ஏறும் முன் அவள் கேட்டாள்: "ரிப்போர்ட்ல இருந்தத எழுத மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்," என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நம்பிவிட்டாள். உங்களைவிட எனக்கு அது பெரிது.